பிஷப் ஹில் கிராமத்தின் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோவிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் காரில் போனால், இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஓர் இடத்தில், திடீரென்று தூண் வைத்த பெரிய பழைய கட்டடங்கள் தெரியும். அதுதான் பிஷப் ஹில், மத அடக்குமுறைக்குத் தப்பி ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள் கட்டி, சொத்தைப் பொதுவாக வைத்து வாழ்ந்த ஊர். 2010 கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் 128 பேர். நம் ஊரில் ஒரு தெருவிலேயே இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். முதல் தடவை போய்விட்டு வந்து சொன்ன நாளிலிருந்து நண்பர்கள் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அதிலும் முக்கால்வாசிப் பேர் ஊர்த் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் அந்த ஊரைக் கட்டியவர்கள் வேறு ஆட்கள், அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும்.

ஸ்வீடன்காரர்கள் ஊருக்கு பிஷப் ஹில் என்று ஏன் ஆங்கிலப் பெயர்?

பெயரும் ஸ்வீடனிலிருந்து வந்ததுதான். இந்தக் கூட்டத்தின் தலைவர் எரிக் யான்சன் பிறந்த ஊர் ஸ்வீடனின் உப்லாந்து பகுதியில் இருக்கும் பிஸ்கொப்ஸ்குல்லா. அதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றினால் பிஷப் ஹில். இல்லினாய் மாநிலத்தின் வடமேற்கே ஹென்றி கவுண்டியில், எட்வர்ட்ஸ் ஆற்றுக்குப் பக்கத்தில், 1846-ல் உருவான ஊர். பக்கத்து ஊர் கால்வாவின் பெயரும் இப்படித்தான், இவர்கள் கப்பலேறிய யேவ்லே துறைமுகத்தின் பெயர் அமெரிக்க நாக்கில் கால்வா ஆகிவிட்டது.

யார் இந்த எரிக் யான்சன்?

1808-ல் பிறந்த ஒரு விவசாயி. பெரிய படிப்பு கிடையாது. கோதுமை மாவு கொண்டுபோய் விற்பவர், அதனால் 'கோதுமை மாவு யான்சன்' என்றே அவரை ஜனங்கள் கூப்பிட்டார்கள். இளம் வயதில் கடும் மூட்டுவலியில் கிடந்தபோது ஒருநாள் பிரார்த்தனையில் வலி நின்றுபோனது, அன்றிலிருந்து கடவுள் தன்னை அழைக்கிறார் என்று நம்பத் தொடங்கினார்.

1843-ல் மாவு விற்க வடக்கே ஹெல்சிங்லாந்து பகுதிக்குப் போனார். அங்கே 'வாசிப்பவர்கள்' என்று ஒரு கூட்டம் ஏற்கெனவே இருந்தது. அரசுத் திருச்சபையின் சடங்குகளில் மனம் நிறையாமல், வீடுகளில் கூடி பைபிளைத் தாங்களே வாசித்துப் பேசிய எளிய ஜனங்கள். அவர்களில் முக்கியமானவரான யோனாஸ் ஓல்சன் யான்சனுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தார். யான்சனின் பேச்சில் ஏதோ ஒரு பிடிப்பு இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் உண்மையாக நம்பியவனுக்குப் பாவம் என்பதே இல்லை என்று அவர் சொன்னதை நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டன.

புத்தகங்களை எரித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1844 ஜூனில், ஆல்ஃப்டா ஊருக்குப் பக்கத்தில், ஸ்வீடன் திருச்சபை பின்பற்றிய மதச் சீர்திருத்தக்காரர் லூத்தரின் நூல்களையும் மற்ற பக்தி நூல்களையும் குவித்துத் தீ வைத்தார்கள். பைபிள் மட்டும் போதும், மனிதர் எழுதிய விளக்கம் வேண்டாம் என்பது வாதம். அந்த ஆண்டிலேயே மறுபடியும் எரித்தார்கள். இந்த இடத்தில் எனக்கு அவர்கள்மேல் கோபம் வருவது உண்மைதான், புத்தகத்தை எரிப்பது எந்தக் காரணத்துக்காக என்றாலும் மனசு ஒப்பவில்லை.

ஆனால் மறுபக்கம் என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும். ஸ்வீடனில் 1726-லேயே போட்ட ஒரு சட்டப்படி, பாதிரியார் இல்லாமல் வீட்டில் கூடி வழிபடுவதே குற்றம். அபராதம், சிறை, நாடு கடத்தல் வரைக்கும் போகும். அந்தச் சட்டத்தை 1858-ல்தான் எடுத்தார்கள். ஒரு குடியானவர் தன் வீட்டுத் திண்ணையில் நாலு பேரோடு உட்கார்ந்து வேதம் வாசித்தால் போலீஸ் வரும் நாடு அது. யான்சனைத் திரும்பத் திரும்பக் கைது செய்தார்கள். கடைசியில் ஆட்கள் அவரை விடுவித்து ஒளித்து வைத்து, பனிமலைகளைத் தாண்டி நார்வேக்குக் கடத்தி, அங்கிருந்து 1846-ல் நியூயார்க்குக்கு அனுப்பினார்கள்.

மற்றவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்? பணம் எங்கிருந்து வந்தது?

பொதுச் சொத்து என்ற ஏற்பாடு பிறந்ததே இங்கேதான். நிலம் வைத்திருந்தவர்கள் விற்றார்கள், விற்ற பணத்தை ஒரே பொதுப் பெட்டியில் போட்டார்கள், கூலிக்காரனுக்கும் பண்ணையாளுக்கும் அந்தப் பெட்டியிலிருந்தே கப்பல் சீட்டு எடுத்தார்கள். கொள்கை பேசிப் பேசி வந்த பொதுவுடைமை இல்லை இது. ஏழைகளை விட்டுவிட்டுப் போக மனமில்லாததால் வந்தது.

1845-லேயே ஓலோஃப் ஓல்சன் என்பவரை முன்னால் அனுப்பி இடம் பார்த்துவரச் சொன்னார்கள். நியூயார்க் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலையே கோயிலாக்கி ஊழியம் செய்த ஓலோஃப் ஹெட்ஸ்ட்ரோம் என்ற மெத்தடிஸ்ட் போதகர், இல்லினாயில் விக்டோரியா என்ற ஊரில் தம்பி யோனாஸ் இருக்கிறான், அங்கே போ என்றார். இப்படி ஒரு சொந்தக்காரர் விலாசம்தான் ஊரின் இடத்தைத் தீர்மானித்தது. நம்மவர்கள் பிழைக்கப் போன ஊர்களிலும் இதே கதைதானே.

பயணம் சாமானியமானது இல்லை. இரும்பு ஏற்றும் பாய்மரக் கப்பல்களில் மாதக்கணக்கில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க், அங்கிருந்து ஹட்சன் ஆற்றில் ஆல்பனி, ஈரி கால்வாயில் படகில் பஃபலோ, பெரிய ஏரிகள் வழியாக சிகாகோ. அதற்குமேல் ரயில் கிடையாது. பிள்ளைகளையும் நோயாளிகளையும் வண்டியில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் புல்வெளியில் நடந்தார்கள், கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர். 1846-லிருந்து 1854 வரை ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வந்தார்கள். ஸ்வீடனிலிருந்து கூட்டமாகப் புறப்பட்டு வந்தவர்களில் இவர்கள் ஆரம்பக்காரர்கள். இவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் படித்துத்தான் எத்தனையோ குடும்பங்கள் பின்னால் அமெரிக்காவுக்குக் கிளம்பின.

அந்த நிலம் அதற்கு முன் யாருடையது?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை, கேட்க வேண்டும். அந்தப் பகுதி சாக், மெஸ்க்வாக்கி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நாடு. அவர்களுடைய பெரிய ஊரான சாகெனக் வடமேற்கே ராக் ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்தில் இருந்தது. 1804-ல் செயின்ட் லூயிஸில் ஒரு ஒப்பந்தம் போட்டு நிலத்தை வாங்கியதாக அமெரிக்க அரசு சொன்னது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு அந்த அதிகாரமே இல்லை என்றார் சாக் மக்களின் போர்த் தலைவர் பிளாக் ஹாக். 1832-ல் தன் ஜனங்களோடு திரும்பி வந்தவரைப் படை துரத்தியது, போர் அந்த ஆண்டு ஆகஸ்டில் பெரும் உயிர்ச்சேதத்தோடு முடிந்தது. அதற்குப் பதினான்கே வருடம் கழித்துத்தான் ஸ்வீடன்காரர்கள் வந்து ஏக்கருக்கு 1.25 டாலர் என்று அரசாங்க விலைக்கு நிலம் வாங்கினார்கள். மத அடக்குமுறைக்குத் தப்பி வந்தவர்கள் குடியேறியது இன்னொரு கூட்டத்தைத் துரத்திய நிலத்தில். பிஷப் ஹில்லைப் பற்றி எவ்வளவு ஆசையாகப் பேசினாலும் இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு வாய் வரவில்லை.

முதல் குளிர்காலம் அவ்வளவு மோசமா?

1846 இலையுதிர் காலத்தில் நானூறு பேர்போல வந்து சேர்ந்துவிட்டார்கள். வீடு கட்ட நேரமில்லை. ஊர் நடுவே ஓடும் ஓடைப் பள்ளத்தின் கரையைக் குடைந்து, முன்பக்கம் மரத்துண்டு அடுக்கி, குழிவீடு செய்துகொண்டார்கள். ஒரு குழிக்குள் 25, 30 பேர், சுவரோரம் அடுக்குப் படுக்கை, ஒரு கணப்பு. ஈரம், இருட்டு, போதாத சாப்பாடு, கப்பலிலேயே மெலிந்துபோன உடம்பு. வசந்தம் வருவதற்குள் 96 பேர் இறந்தார்கள். நான்கில் ஒருவர். காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்தில் படுத்தவர் எழவில்லை என்ற நிலைமையில் இவர்கள் விடியுமுன்னே மணி அடித்து வழிபாட்டுக்குக் கூடினார்கள், பகலில் ஆங்கிலம் படித்தார்கள்.

அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது. புல் மூடிக்கிடக்கும். பெரிய கட்டடங்களைப் பார்த்துவிட்டு நேரே காருக்குப் போய்விடாமல் அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

எல்லாம் பொது என்றால் நடைமுறையில் எப்படி?

கூலி கிடையாது, தனிச் சொத்து கிடையாது. சாப்பாடு பொதுப் பந்தி. துணி, செருப்பு எல்லாம் பொதுக் கிடங்கிலிருந்து. வேலை குழுக்குழுவாக: மாட்டுக்கு ஒரு குழு, சூளைக்கு ஒரு குழு, தறிக்கு ஒரு குழு, வயலுக்கு நூறு பேர் சேர்ந்து வரிசையாக. ஏர் ஓட்டியது எருதுகள், அவற்றை ஓட்ட சின்னப் பையன்கள். அந்தப் புல்வெளி மண் சாதாரண மண் இல்லை, ஆள் உயரப் புல்லின் வேர் ஆண்டாண்டாகப் பின்னிக்கிடந்த மண், அதைக் கிழித்து உழுவதே பெரிய வேலை. ஆனால் கிழித்துவிட்டால் கொட்டிக் கொடுக்கும்.

முதலில் பணம் கொண்டு வந்தது ஆளிச்செடி. ஸ்வீடனிலேயே தெரிந்த தொழில். செடியை ஊறவைத்து, அடித்து, நாரெடுத்து, நூற்று, லினன் நெய்தார்கள். வேலை மிகுந்த நாட்களில் தறி இரவும் பகலும் ஓடியது, ஒரு கூட்டம் எழுந்தால் அடுத்த கூட்டம் உட்காரும். சில ஆண்டுகளில் ஒரு லட்சம் கஜத்துக்கும் மேல் லினன் வெளியே விற்றிருக்கிறார்கள். அப்புறம் துடைப்பச் சோளம், அதாவது துடைப்பம் கட்டுவதற்காகவே வளர்க்கும் சோள வகை, நல்ல காசு பார்த்துக் கொடுத்தது. வண்டி, மரச்சாமான், இரும்பு வேலை என்று சுற்றுவட்டாரத்துக்கே பட்டறையாக இருந்தது இந்த ஊர்.

1848-ல் வழிபாட்டு இல்லம் கட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், கீழ்த்தளங்கள் முழுக்கக் குடும்பங்கள் தங்கும் அறைகள், மேலேதான் வழிபாட்டுக் கூடம். குழியில் கிடந்த ஜனங்களுக்கு முதலில் தலைக்குமேல் கூரை வேண்டும் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். கூடத்தில் கறுப்பு வால்நட் மரத்தில் செய்த இருக்கைகள், ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று நடுவே தடுப்பு. அந்தக் கட்டடம் அப்படியே நிற்கிறது.

பெண்கள் என்ன செய்தார்கள்?

என்ன செய்யவில்லை என்று கேட்பதுதான் சுலபம். நூற்பு, நெசவு, சமையல், சலவை, பால் எல்லாம் அவர்கள். அதோடு செங்கல் சூளை வேலையும் அவர்களுடையதுதான். பாலம் கட்டுவதற்கு மரத்தூணை ஆற்றுக்குள் அடித்து இறக்க, மேலே தூக்கிய பாரத்தைக் கயிறு பிடித்து இழுத்தவர்கள் பெண்கள். மக்காச்சோளம் ஊன்றியதும் பெண்கள். வயலின் குறுக்கே அளவாக அடையாளம் வைத்த நீண்ட கயிற்றை இரண்டு ஆண்கள் இரண்டு ஓரத்திலும் பிடித்துக்கொள்ள, வரிசையாக நிற்கும் பெண்கள் அந்த அடையாளத்துக்கு நேரே குழி போட்டு விதை ஊன்றுவார்கள். கயிறு நகரும், வரிசையும் ஒரு அடி பின்னால் நகரும். நாற்று நடும் வரிசையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கண்முன்னே தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் ஊரின் கதையைச் சொல்பவர்கள் மூன்று நான்கு ஆண்களின் பெயரோடு முடித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீட்டினேன்.

காலரா வந்தது எப்போது?

1849 கோடையில். புதிதாக வந்த குடியேறிகளோடு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போனது. யான்சனின் மனைவியும் பிள்ளைகளில் சிலரும் அதில் இறந்தார்கள். வைத்தியரைவிட நம்பிக்கையே குணமாக்கும் என்று போதித்திருந்த தலைவர் வீட்டுக்குள்ளேயே சாவு விழுந்தது. அவர் சீக்கிரமே மறுமணம் செய்துகொண்டார்.

சரி, அந்தக் கொலை?

ஜான் ரூட் என்று ஒருவர். ஸ்வீடனில் பிறந்தவர், மெக்சிகோ போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர், 1848-ல் ஊருக்கு வந்து சேர்ந்தார். யான்சனின் ஒன்றுவிட்ட தங்கை ஷார்லட்டாவைக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணத்துக்கு முன்பே எழுத்தில் ஒரு நிபந்தனை: அவர் ஊரைவிட்டுப் போக நினைத்தால் போகலாம், அவள் வர விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்தக் கூடாது. ரூட்டுக்கு ஊர் பிடிக்கவில்லை. மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார், ஊரார் தடுத்தார்கள். ஒருமுறை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், ஆட்கள் துரத்திப் பிடித்து மீட்டார்கள். இன்னொரு முறை சிகாகோ வரை கொண்டுபோனார், அங்கிருந்தும் மீட்டார்கள். பிறகு ரூட் வெளியூர்க் கும்பலைத் திரட்டிக்கொண்டு வந்து ஊரையே கொளுத்துவதாக மிரட்டினார். யான்சன் கொஞ்ச நாள் செயின்ட் லூயிஸில் போய் இருந்துவிட்டு வந்தார்.

1850 மே 13. கேம்பிரிட்ஜ் ஊரில் ஹென்றி கவுண்டி நீதிமன்றம். ஊர் வழக்குகளுக்காக யான்சன் வந்திருந்தார். மதிய இடைவேளையில் ரூட் வாசலில் நின்று கூப்பிட்டுச் சுட்டார், யான்சன் அங்கேயே இறந்தார். வயது 41. ரூட்டுக்குத் திட்டமிட்ட கொலை என்றில்லாமல் அதற்குக் குறைந்த குற்றத்தில் இரண்டு வருடம் தண்டனை கிடைத்தது, அதையும் முழுசாக அனுபவிக்கவில்லை.

யான்சன் உயிர்த்தெழுவார் என்று சிலர் காத்திருந்ததாகச் சொல்வதுண்டு. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இந்தக் கதையில் ஷார்லட்டா என்ன விரும்பினாள் என்பதை ஒருவரும் நிதானமாகக் கேட்பதில்லை என்பது. ஒருவர் இழுத்துக்கொண்டு போனார், மற்றவர்கள் இழுத்துக்கொண்டு வந்தார்கள் என்றுதான் எழுதுகிறார்கள். போக விருப்பமில்லை என்றால் போக வேண்டாம் என்று அவள் கையில் எழுத்து இருந்தது, அந்தக் காலத்தில் எத்தனை பெண்களுக்கு அப்படி ஒன்று இருந்திருக்கும்?

தலைவர் போனதும் ஊர் கலைந்துவிட்டதா?

இல்லை, அதற்கப்புறம்தான் செழித்தது. யான்சன் சாகும் சமயத்தில் யோனாஸ் ஓல்சன் இன்னும் எட்டுப் பேரோடு கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தோண்டப் போயிருந்தார், ஊர்க் கடனை அடைப்பதற்காக அனுப்பப்பட்டவர்கள். தங்கம் பெரிதாகக் கிடைக்கவில்லை. செய்தி கேட்டுத் திரும்பியவர் பொறுப்பைக் கையில் எடுத்தார். 1853-ல் இல்லினாய் சட்டமன்றம் ஊரை ஒரு நிறுவனமாகப் பதிவு செய்ய அனுமதித்தது, ஏழு டிரஸ்டிகள், நம் பாஷையில் தர்மகர்த்தாக்கள். பத்து வருடத்துக்கும் குறைவான காலத்தில் குழியில் படுத்திருந்த ஜனங்களிடம் பன்னிரண்டாயிரம் ஏக்கர்போல நிலம் இருந்தது. பெரிய பெரிய செங்கல் கட்டடங்கள், பட்டறை, ஆஸ்பத்திரி, ஓட்டல் எல்லாம் அந்தக் காலத்தில் எழுந்தவை.

கல்யாணத்தையே தடை செய்தார்களாமே?

ஆமாம், 1854 வாக்கில். கென்டக்கியில் பிளெசன்ட் ஹில் என்ற இடத்தில் கல்யாணமே இல்லாமல் கூட்டாக வாழ்ந்த ஷேக்கர் என்ற கிறிஸ்தவச் சமூகத்தைப் பார்த்துவிட்டு வந்து, இனி பிரம்மச்சரியம்தான் என்று கட்டளை போட்டார்கள். யான்சன் காலத்தில் கும்பல் கும்பலாகக் கல்யாணம் நடத்தி வைத்த ஊர் அது. திடீரென்று இப்படிச் சொன்னதும் குடும்பங்கள் கசந்துபோயின, பலர் வெளியேறினார்கள். ஊர் உடைந்ததற்குக் கடன்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் பார்வையில் முதல் விரிசல் இது.

அப்படியானால் கடன் கதை என்ன?

டிரஸ்டிகளில் வெளியுலக வியாபாரத்தைக் கவனித்தவர் ஓலோஃப் ஜான்சன். ரயில் வந்த காலம். 1854-ல் பிரதான ரயில் பாதை ஊருக்குத் தென்கிழக்கே சில மைல் தள்ளிப் போனது, அந்த இடத்தில் கால்வா நகரம் முளைத்தது, அதில் மனைகளை ஊர்ப் பணத்தில் வாங்கினார்கள். ரயில் பாதை போடும் குத்தகை, தானியக் கிடங்கு, பங்குகள் என்று ஓலோஃப் ஜான்சன் கை நீண்டுகொண்டே போனது. 1857-ல் அமெரிக்கா முழுக்கப் பணச் சந்தை சரிந்தது. ரயில் கம்பெனிகள் கவிழ்ந்தன. ஊர்க் கணக்கைக் கேட்டபோதுதான், எவ்வளவு கடன் என்பதே வயலில் வேலை செய்தவர்களுக்குத் தெரியவில்லை என்பது வெளியே வந்தது. வருடக்கணக்கில் கணக்குக் காட்டவே இல்லை.

இதுதான் எனக்கு ஆறாத விஷயம். சோம்பேறிகளால் பொதுவுடைமை கெட்டது என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த ஊரில் சோம்பேறிகள் இல்லை. வேலை செய்தவர்களுக்குக் கணக்கு தெரியாது, கணக்கு தெரிந்தவர்களை யாரும் கேள்வி கேட்க முடியாது, அங்கேதான் கெட்டது.

சொத்தை எப்படிப் பிரித்தார்கள்?

1860-ல் பிரிக்க முடிவாகி 1861-ல் முடித்தார்கள். 35 வயது நிரம்பியவர்களுக்கு முழுப் பங்கு, ஆணென்றும் பெண்ணென்றும் வித்தியாசமில்லை. முழுப் பங்கு என்றால் 22 ஏக்கர் நிலம், கொஞ்சம் மரக்காடு, ஊருக்குள் ஒரு மனை, மாடு கன்று கருவிகளில் ஒரு பாகம். வயது குறைந்தவர்களுக்கு அதற்கேற்ற பங்கு. 1861-ல் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமாக அவள் பெயரிலேயே நிலம் என்பது சாதாரணமில்லை.

ஆனால் நிம்மதி இல்லை. பழைய கடனுக்காகப் பிரித்த நிலத்தின் மேலேயே மறுபடி மறுபடி வரி போட்டார்கள். கட்ட முடியாதவர்கள் நிலத்தை விற்றார்கள். 1868-ல் டிரஸ்டிகள்மேல் வழக்குப் போட்டார்கள், அது 1879 வரை இழுத்தது. அதற்குள் இளைஞர்கள் கால்வாவுக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டார்கள்.

உள்நாட்டுப் போரில் ஊர்க்காரர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். 57-வது இல்லினாய் காலாட்படையின் 'டி' கம்பெனி பெரும்பாலும் இந்த ஊர் ஸ்வீடன்காரர்கள்தான். 1862-ல் டென்னசி மாநிலத்தில் நடந்த ஷைலோ போரில் சண்டை போட்டார்கள். பூங்காவில் நினைவுத்தூண் இருக்கிறது.

இவ்வளவு விவரமும் எப்படித் தெரிய வந்தது?

வழக்கு ஆவணங்களும் கடிதங்களும் இருக்கின்றன. ஆனால் கண்ணால் பார்த்ததுபோல் நமக்குத் தெரிவதற்கு ஓலோஃப் கிரான்ஸ் காரணம். 1838-ல் ஸ்வீடனில் பிறந்து, 1850-ல் பன்னிரண்டு வயதில் பெற்றோரோடு வந்தவர். எருது ஓட்டும் பையன்களில் ஒருவராக வேலை தொடங்கினார், கொல்லுப்பட்டறையிலும் பெயின்ட் பட்டறையிலும் வேலை செய்தார், போரில் 'டி' கம்பெனியில் போனார், திரும்பி வந்து கால்வாவில் வீட்டுக்குச் சாயம் அடிப்பவராகவும் பலகை எழுதுபவராகவும் பிழைத்தார். ஓவியப் பள்ளிக்கூடம் போனதில்லை.

ஊரின் 50-வது ஆண்டு விழா 1896-ல் வந்தது. அந்தச் சமயத்தில்தான், அறுபதை நெருங்கும் வயதில், சின்ன வயதில் பார்த்ததை நினைவிலிருந்து வரையத் தொடங்கினார். கதிர் அறுப்பு, விதைப்பு, பாலத் தூண் இறக்கும் பெண்கள், அடிவானத்தில் சிவப்பாக வரும் புல்வெளித் தீ, சோளம் ஊன்றும் வரிசை. அப்புறம் முதியவர்களின் முகங்கள், சிலவற்றைப் பழைய போட்டோ பார்த்து வரைந்தார். அந்த முகங்களில் சிரிப்பே கிடையாது. வெயிலில் இறுகிய கன்னம், அழுத்தி மூடிய உதடு, நேரே நம்மைப் பார்க்கும் கண். 1916-ல் கிரான்ஸ் இறந்தார். அமெரிக்க நாட்டுப்புற ஓவியர்களில் இன்று முக்கியமான பெயர் அவருடையது.

ஒரே முள் உள்ள கடிகாரம் ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. 1854-ல் கட்டிய கோபுரக் கட்டடத்தின் உச்சியில். மணி முள் மட்டும்தான், நிமிட முள் கிடையாது. வயல்வேலைக்கு மணி தெரிந்தால் போதும் என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம்.

பழைய கட்டடங்கள் எல்லாம் தப்பினவா?

எல்லாம் இல்லை. பெரிய இழப்பு 'பிக் பிரிக்' என்ற கட்டடம். 200 அடி நீளம், 45 அடி அகலம், 96 அறைகள், கீழே பொதுப் பந்திக்கூடம். ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட இடம். 1928-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. இன்று வெறும் இடம்.

மற்றவை தப்பியதற்கு முதல் காரணம் வறுமை. வியாபாரம் கால்வாவுக்குப் போய்விட்டதால் பிஷப் ஹில்லில் எதையும் இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசு இல்லை. ஆனால் வறுமை இடிக்காது, பழுதும் பார்க்காது. கூரை ஒழுகி, சுவர் விரிந்து, பல கட்டடங்கள் விழும் நிலைக்கு வந்தன. 1946-ல் வழிபாட்டு இல்லத்தையும் பூங்காவையும் மாநில அரசிடம் ஒப்படைத்தார்கள். 1962-ல் பிஷப் ஹில் பாரம்பரியச் சங்கம் தொடங்கி, ஊர்க்காரர்களும் வெளியூர் வம்சாவளியினரும் பணம் சேர்த்து ஒவ்வொரு கட்டடமாக வாங்கிச் செப்பனிட்டார்கள். 1976-ல் ஸ்வீடன் அரசர் கார்ல் பதினாறாம் குஸ்தாஃப் வந்து பார்த்தார். 1984-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஓடிப்போனவர்களின் ஊரை அந்த நாட்டு அரசரே வந்து பார்த்த நாளில், குழிவீட்டில் இறந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எப்போது போகலாம், எதைப் பார்க்கலாம்?

செப்டம்பர் கடைசியில் யோர்ட்ப்ரூக்ஸ்டாகர்னா என்ற அறுவடை விழா நடக்கும், பழைய முறையில் விவசாய வேலைகளைச் செய்து காட்டுவார்கள். டிசம்பரில் லூசியா இரவுகள் என்ற ஸ்வீடன் ஒளி விழா, ஜன்னலெல்லாம் மெழுகுவத்தி. ஸ்வீடன் வழிக் குடும்பங்களுக்கான வாசா சங்கத்தின் ஆவணக் காப்பகமும் இந்தச் சின்ன ஊரில்தான் இருக்கிறது. கூட்டம் வேண்டாம் என்றால் சாதாரண வார நாளில் போங்கள், ஆனால் எது திறந்திருக்கும் என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

நேரம் குறைவாக இருந்தால் மூன்று இடம் போதும். முதலில் ஓடைப் பள்ளம். அடுத்தது கல்லறைத் தோட்டம், யான்சனின் கல்லறை அங்கேதான். கடைசியாக கிரான்ஸ் ஓவியங்கள் இருக்கும் அருங்காட்சியகம். அங்கே சோளம் ஊன்றும் பெண்களின் ஓவியத்துக்கு முன்னால் நின்று அந்த வரிசையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பாருங்கள். தலையில் துணி கட்டிய பெண்கள், எல்லார் கையிலும் கம்பு, எல்லாரும் ஒரே கயிற்றுக்கு நேரே நிற்கிறார்கள். ஒருத்தி பெயர்கூட அதில் எழுதியிருக்காது. ஆனால் எருது ஓட்டிய பையன் ஒருவன் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான், நாற்பது வருடத்துக்கு மேல் ஞாபகம் வைத்திருந்திருக்கிறான்.